பத்திரிகை அட்டையைப் படிக்கும் முறை: ஆரணி டிசைன்காரர்களுக்கு ஒரு குறிப்பு

கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு படத்தை நீட்டி, "இதே மாதிரி வேணும்" என்கிறார்கள். அது பெரும்பாலும் ஏதாவது ஒரு பத்திரிகையின் அட்டைப்படமாக இருக்கும். கடைக்காரர் அதை ஆரணிக்கு அனுப்புவார். இங்கே டிசைன் போடுகிறவர் அதைப் பார்த்துக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, ஜக்கார்டு அட்டை அடிக்கக் கொடுக்க வேண்டும். படத்தில் தெரிவதெல்லாம் புடவையில் இருந்தது என்று நம்பித் தொடங்கினால் பாவும் ஊடையும் வீணாகும். புடவையில் உள்ளது எது, படம் எடுத்தவரும் அச்சகமும் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தாக வேண்டும்.

முதலில் அச்சான இதழையே கையில் எடுங்கள். கைபேசித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. இரண்டும் ஒரே சிவப்பைத் தருவதில்லை. ஃபேஷன் இதழ் ஒன்றும் இசை இதழ் ஒன்றுமாக இரண்டை எடுத்துக்கொண்டால், அவை புடவையைக் காட்டும் விதத்தில் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும். இசைக்குச் சென்னையில் 1983இல் தொடங்கிய 'ஸ்ருதி' போன்ற ஒன்று போதும்.

அட்டையைச் சுவரில் மாட்டிப் பத்தடி தள்ளி நில்லுங்கள். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் இதழை வாசகர் முதலில் பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்துதான். கண் முதலில் எங்கே போகிறது, அடுத்து எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முகம், அதிலும் நம்மை நேராகப் பார்க்கும் கண்கள். புடவை மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வரும். ஃபேஷன் இதழிலும் இந்த வரிசை பெரிதாக மாறாது.

அடுத்து, அட்டையின் மேல் ஒரு பட்டர் தாளை வைத்து எலும்புக்கூட்டை மட்டும் வரையுங்கள். புடவையைக் கரை, உடல், முந்தானை என்று பிரிக்கிற உங்களுக்கு இது கடினமில்லை. இதழின் பெயர், செய்தித் தலைப்புகள், நடுப்படம் என்று மூன்று பகுதிகள். பெயர் மேலேயே இருப்பதற்குக் காரணம், கடையில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும்போது தலைப்பகுதி மட்டுமே வெளியே தெரியும் என்பது. சில அட்டைகளில் நடிகையின் தலை பெயரின் ஓரிரு எழுத்துகளை மறைத்திருக்கும். பாதி பெயரைப் பார்த்தே வாசகர் அடையாளம் கண்டுகொள்வார் என்ற நம்பிக்கை உள்ள இதழ்தான் அதைச் செய்யும். 1926இல் தொடங்கிய ஆனந்த விகடனுக்கு விகடன் தாத்தா முகமே பாதி பெயர்.

செய்தித் தலைப்புகளை அதிகம் ஆராய வேண்டாம். அவை புடவையின் எந்தப் பகுதியை மறைக்கின்றன என்று மட்டும் பாருங்கள். செய்தித் தலைப்பே இல்லாத அட்டைக்கு உலகறிந்த உதாரணம் 'ரோலிங் ஸ்டோன்' இசை இதழின் 1981 ஜனவரி 22 தேதியிட்ட அட்டை. பாடகர் ஜான் லென்னனையும் அவர் மனைவி யோகோ ஓனோவையும், லென்னன் கொல்லப்பட்ட நாளன்று அன்னி லீபோவிட்ஸ் எடுத்த படம் அது. அதன்மேல் தலைப்புச் செய்தி ஒன்றுகூட இல்லை. படத்தின் வலிமையை மதித்து ஒதுங்கத் தெரிந்த ஆசிரியர் குழு அது.

இனி முக்கியமான வேலை: நிறம். நூல் எண்ணப் பயன்படும் மடக்குக் கண்ணாடியை எடுத்து அட்டையின்மேல் வையுங்கள். அச்சகத்தாரும் இதே கண்ணாடியைத்தான் வைத்திருக்கிறார்கள். பட்டு மறைந்து புள்ளிகள் தெரியும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள்தான். அங்குலத்துக்குச் சுமார் 150 வரிசைப் புள்ளிகள். ஒரு நிறப் பாவில் வேறு நிற ஊடை ஓட்டி நீங்கள் கொண்டுவரும் மயில்கழுத்து, அசையும்போது நீலமாகவும் பச்சையாகவும் மாறும். தாளில் அது ஒரே கோணத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே படத்தில் ஒற்றை நிறமாகத் தெரியும் புடவை இரட்டை நிறமாக இருக்கலாம். மடிப்பின் மேட்டையும் பள்ளத்தையும் ஒப்பிடுங்கள். பள்ளத்தில் நிறம் கருத்தால் அது நிழல். வேறு நிறமாகவே மாறினால் அது ஊடை.

நீலத்தில் கூடுதல் கவனம் தேவை. மெஜந்தா கொஞ்சம் ஏறினாலும் அச்சில் நீலம் ஊதாவாகிவிடும். காஞ்சிபுரத்து முத்து செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த 'எம்.எஸ். ப்ளூ' ஒரு பாடகியின் பெயராலேயே கடைகளில் விற்கும் நிறம். அதை அட்டைப்படம் பார்த்துச் சாயம் போடுவது ஆபத்து. துணியையே பார்த்துத்தான் போட வேண்டும்.

ஜரிகைக்கு இந்த நான்கு மைகளில் தனி மை கிடையாது. மஞ்சளும் பழுப்பும் வைத்து, நடுவே தாளின் வெண்மையை விட்டுத்தான் பொன்னைக் காட்டுகிறார்கள். பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுத்தால் ஜரிகை தீப்பிடித்ததாகத் தெரியும். நேர் எதிரே ஃப்ளாஷ் அடித்தால் கடுகு நிறத்தில் மங்கிப்போகும். ஆகவே அட்டையில் மின்னுகிறதென்று ஜரிகையின் தரத்தைக் கணிக்கக் கூடாது.

கட்டப் புடவை நெய்யும் நம் தறிகளுக்கு நேரடியாக உறைக்கும் செய்தி ஒன்று உண்டு. பொடிக்கட்டப் புடவையைப் படமெடுத்தால் கட்டத்தின் வரிசையும் அச்சுப் புள்ளிகளின் வரிசையும் மோதி, துணியில் இல்லாத அலைக்கோடுகள் உருவாகும். அதனாலேயே அட்டைக்குப் படம் எடுப்பவர்கள் பொடிக்கட்டத்தைத் தவிர்த்து, அகலக் கரையும் வெறும் உடலும் உள்ள புடவையைத் தேடுகிறார்கள். கட்டம் அட்டையில் வராததற்குக் காரணம் அழகுக் குறைவன்று, அச்சுத் தொழில்நுட்பம். டிசைன் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் கட்டத்தைக் கைவிட மாட்டார்கள்.

கடைசியாக, உடுத்தியிருக்கும் விதம். ஃபேஷன் அட்டை பெரும்பாலும் இடுப்புக்கு மேலேயே வெட்டப்படுகிறது. தோளில் விழும் கரையும் ரவிக்கையும்தான் தெரியும். முந்தானை முதுகுக்குப் பின்னால் போய்விடும். இசை இதழில் பாடகி தம்புராவோடு தரையில் அமர்ந்திருப்பார். மடியில் பரவும் உடலும் முழங்காலில் மடியும் கரையும் அங்கே தெரியும். புடவையின் உண்மையான அளவுகளை அறிய எனக்கு எப்போதும் உதவியது இசை இதழ்தான். கோபுலு போன்றவர்கள் தீட்டிய பழைய தீபாவளி மலர்ச் சித்திரங்களையும் பாருங்கள். எந்த மடிப்பு எங்கே விழும் என்பது அந்தக் கோடுகளில் தெளிவாக இருக்கிறது.

இவ்வளவும் முடிந்ததும் உள்பக்கம் புரட்டி அட்டைப்படக் குறிப்பைப் படியுங்கள். படம் எடுத்தவர், ஒப்பனை, நகை, புடவை தந்த கடை என்று வரிசையாக இருக்கும். நெய்த ஊரின் பெயர் அநேகமாக இருக்காது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் இங்கே நெய்து வேறு ஊர்க் கடைகளின் பெயரில் போகும் புடவைகள் ஏராளம். பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அட்டையில் பட்டுப் புடவை போடும்போது, எங்கே நெய்தது என்று கடையில் விசாரியுங்கள். ஆரணி என்று பதில் வந்தால், 'நெசவு: ஆரணி' என்று அந்தக் குறிப்பில் ஒரு வரி சேருங்கள்.