நூறாண்டு வெள்ளமும் நம் கணக்கும்

2006 டிசம்பரில் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியது. நீர் வடிந்து வீடு திரும்பியவர்களை 2007 ஜனவரியில் மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது. இவ்விரு வெள்ளங்களிலும் ஜொகூரில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். இத்தகைய பெருவெள்ளத்தை ‘நூறாண்டு வெள்ளம்’ என்பார்கள். அப்படியானால் ஒரு மாத இடைவெளியில் இருமுறை வருமா?

முதலில் சராசரியைப் பார்ப்போம். பயிற்சிக்காக ஒரு வார மழையளவை 0, 0, 2, 3, 5, 10, 190 மில்லிமீட்டர் என வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 210, ஏழால் வகுத்தால் சராசரி 30. வரிசையின் நடுவில் நிற்கும் நடுவெண்ணோ 3 தான். 30 மில்லிமீட்டர் பெய்த நாள் ஒன்றுகூட இல்லை! ஊரை மூழ்கடிப்பது சராசரி அல்ல, அந்த 190 தான்.

அடுத்தது, இடைநிலைப்பள்ளியில் ‘கெபாராங்காலியான்’ என்று நாம் படித்த நிகழ்தகவு. நூறாண்டு வெள்ளம் என்பது தவணைக் கணக்கு அல்ல. எந்த ஓர் ஆண்டிலும் அவ்வளவு பெரிய வெள்ளம் வர 100இல் 1 வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். வராதிருக்கும் வாய்ப்பு 0.99. முப்பது ஆண்டுகளும் வராதிருக்க, முப்பது 0.99களைப் பெருக்கினால் ஏறக்குறைய 0.74. ஆகவே, 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வெள்ளம் வரும் வாய்ப்பு 26 விழுக்காடு.

இப்பெருக்கலில் ஓராண்டு மற்றோர் ஆண்டைப் பாதிக்காது என்று கொள்கிறோம். ஒரே பருவமழையில் வரும் இரு வெள்ளங்களுக்கு இது பொருந்தாது. மண் ஏற்கெனவே ஊறியிருக்கும்; ஆறும் நிறைந்திருக்கும்.

“ஒருமுறை வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், இக்கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். முக்கியப் பத்திரங்களை உயரமான இடத்தில் வைக்கவும் சொல்லுங்கள்.