முகம் மாற்றும் வித்தையும் முத்துப் பார்க்கும் கண்ணும்

 

தூத்துக்குடியில் அரசின் முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனினும் முத்தின் சோதனையை இக்கரையோர மக்கள் மறக்கவில்லை. பல்லில் மெல்ல உரசினால் அசல் முத்து நறநறக்கும். பூச்சிட்ட கண்ணாடிப் போலி வழுக்கும். ஆகவே பளபளப்பை மட்டும் கண்டு விலை பேசலாகாது. கைப்பேசி வழியே நம் இல்லங்களில் நுழையும் படங்களுக்கும் இத்தகைய சோதனை தேவைப்படுகிறது.

வித்தை நடப்பது எப்படி?

ஒரு முகம் படிப்படியாக மற்றொரு முகமாவது 'மார்ஃபிங்'. படத்தை ரப்பர்த் தாள் போல இழுத்து வளைப்பது 'வார்ப்பிங்'. முதலில் இரு முகங்களிலும் கண்ணோரம், மூக்கு நுனி, உதடு, மோவாய் என ஒத்த இடங்களில் புள்ளிகள் குறிக்கப்படுகின்றன. கால்வாசி மாற்றத்தில் புள்ளிகள் கால்வாசித் தூரம் நகரும்; முதல் முகத்தின் வண்ணம் முக்கால் பங்கும் அடுத்ததன் வண்ணம் கால் பங்கும் கலக்கும். திரைப்படத்துக்கு விநாடிக்கு 24 படங்கள் என்பதால், மூன்று விநாடி மாற்றத்துக்கு 72 படங்கள் வேண்டும். வளைக்காமல் வண்ணத்தை மட்டும் கலந்தால் ஒரே முகத்தில் இரண்டு சோடிக் கண்கள் தெரியும்!

1988 இல் வெளிவந்த 'வில்லோ' என்னும் ஆங்கிலப் படமும், 1991 இல் மைக்கேல் ஜாக்சனின் பாடற்காட்சி ஒன்றும் இதனை உலகறியச் செய்தன. அன்று வல்லுநர்கள் பலநாள் உழைத்ததை இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் முடிக்கிறது. 2018 இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். அது அறிவித்துச் செய்த காட்சி. ஆனால் 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திப் பரப்பியது வஞ்சகமன்றோ?

நம் கடமை என்ன?

வளைத்த படத்தில் பின்புறமுள்ள கதவுச் சட்டமும் சுவர்க்கோடும் சில வேளை நெளிந்திருக்கும், தாடையோரம் மங்கும், 'ப', 'ம' ஒலிக்கையில் உதடு மூடாது. ஆயினும் இக்குறைகள் நாளுக்கு நாள் மறைந்து வருகின்றன. எனவே கண்ணை விட விசாரணையே மேலானது. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் பணிக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூற்றைச் செவியுற்றதும் நல்லெண்ணம் கொள்ளாமல், நாவுக்கு நாவு பரப்பியோரை 'அந்நூர்' அத்தியாயம் கண்டிக்கிறது. அன்று நாவு செய்ததை இன்று நம் விரல் செய்கிறது.

பெற்றோரே! உங்கள் மகளின் படத்தை எவனோ உருமாற்றிப் பரப்பினால், அவளைக் குற்றவாளியாக்காதீர்கள். 'ஊர் என்ன சொல்லும்?' என்ற அச்சமே மிரட்டுபவனின் மூலதனம். படத்தையும் அனுப்பியவன் எண்ணையும் அழிக்காமல் வைத்து, 1930 என்ற எண்ணிலோ காவல் நிலையத்திலோ முறையிடுங்கள். ஆபாசப் படம் பரப்புவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67 ஆம் பிரிவு, முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. 2021 ஆம் ஆண்டின் விதிகளும், பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் உருமாற்றிய படங்களை நீக்கும் பொறுப்பைச் சமூக ஊடகங்கள் மீது சுமத்தியுள்ளன.

அவள் முதலில் உங்களிடம் சொல்லத் துணிய வேண்டும். அந்தத் துணிவை அளிக்கும் வீடுகளாக நம் இல்லங்களை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.