ஒன்று, நான்கு, ஏழு

1998 ஏப்ரலில் மேற்கு வங்க அரசுக்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது. அடுத்த மாதம் பஞ்சாயத்துத் தேர்தல். மாநிலத்தில் மூவாயிரத்துச் சொச்சம் கிராமப் பஞ்சாயத்துகள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குப் பெண்தான் தலைவராக வரவேண்டும் என்று புதிதாக விதி வந்திருந்தது. தலைவரை அங்கே 'பிரதான்' என்பார்கள். எந்தெந்த ஊருக்குப் பெண் பிரதான்? பஞ்சாயத்துகளுக்கு ஏற்கெனவே வரிசை எண்கள் இருந்தன. பட்டியல் சாதியினருக்கான தலைவர் பதவிகள், பழங்குடியினருக்கானவை, பொது என்று அவற்றை மூன்று பட்டியல்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பட்டியலிலும் முதல் ஊர் பெண்ணுக்கு. இரண்டை விட்டு நான்காவது. பிறகு ஏழாவது, பத்தாவது. அவ்வளவுதான்.

ஒரு குமாஸ்தாவின் அரைநாள் வேலை. அது பொருளாதார அறிஞர்களுக்குக் கிடைத்த புதையலாகிவிட்டது.

ஏன் புதையல் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி ஊர்களின் விஷயத்தில் ஏமாற்றிவிடும். பெண் தலைவர் இருக்கும் ஓர் ஊரில் குழாய்களில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அந்தப் பெண்ணால் வந்த பலனா? அல்லது பெண்ணைத் தலைவராக்கும் மனம் படைத்த ஊர் என்பதால் குழாயும் முன்பே ஒழுங்காக இருந்ததா? கோழியா முட்டையா கதைதான். ஊரே விரும்பித் தேர்ந்தெடுக்கும் நிலை இருக்கும் வரை இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. ஆனால் முதல் எண் ஊருக்கும் இரண்டாம் எண் ஊருக்கும் எண்ணைத் தவிர வேறென்ன வித்தியாசம்? முற்போக்கான ஊர், பிற்போக்கான ஊர், ஏரிப் பாசன ஊர், மேட்டு ஊர் எல்லாம் இரண்டு பக்கமும் கலந்து விழுந்திருக்கும். புதிய மருந்தைச் சோதிக்கும்போது யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்களே, ஏறக்குறைய அதையே ஓர் அரசாங்கம் தன்னையறியாமல் ஒரு மாநிலம் முழுக்கச் செய்து வைத்திருந்தது.

(குலுக்கல் என்றதும், ஊர்ச் சபைக்கு ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் அந்தக் குடத்துக்குள் ஓலையாக விழவே நிலமும் வேத ஞானமும் வேண்டியிருந்தது. இங்கே குலுக்கலுக்குள் போனவை ஆட்களின் பெயர்கள் அல்ல, ஊர்கள்.)

இந்த விதி எங்கிருந்து வந்தது? 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தத்திலிருந்து. நம் கூட்டாட்சியில் உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். எனவே அந்தத் திருத்தம் பாதியைக் கட்டாயமாக்கி, மீதியை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு. இவை கட்டாயம். குடிநீர், சாலை, பள்ளி என்று பதினோராவது அட்டவணை அடுக்கும் 29 துறைகளில் எதை, எவ்வளவு பணத்தோடு பஞ்சாயத்திடம் கொடுப்பது என்பது மாநிலத்தின் மனம்போல. கேரளம் 1996-இல் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூக்கிக் கொடுத்தது. பல மாநிலங்கள் நாற்காலியை மட்டும் கொடுத்துச் சாவியைத் தங்கள் இடுப்பிலேயே செருகிக்கொண்டன என்பது என் எண்ணம்.

மேற்கு வங்கத்தில் 1993 தேர்தலில் உறுப்பினர் இடங்களில் பெண்களுக்கு ஒதுக்கீடு இருந்தது, தலைவர் பதவியில் இல்லை. விளைவு, 3,324 பஞ்சாயத்துகளில் 196-இல் மட்டுமே பெண் பிரதான். அதனால்தான் 1998-இன் ஒன்று, நான்கு, ஏழு.

கொல்கத்தா இந்திய மேலாண்மை நிறுவனத்தின் ராகபேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் துப்லோவும் (2019-இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவர்) மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்பூரிலுமாக 265 பஞ்சாயத்துகளை ஆராய்ந்தார்கள். முறை எளிமையானது. ஊராரைக் கூட்டி உட்காரவைத்து ஊரின் படத்தை வரையச் சொன்னார்கள். கிணறு எங்கே, அடிபம்பு எங்கே, சாலை எது, போன தேர்தலுக்குப் பிறகு எது புதிதாக வந்தது, எது பழுது பார்க்கப்பட்டது? இன்னொரு பக்கம், பஞ்சாயத்திடம் ஆண்கள் என்ன கேட்டு வந்தார்கள், பெண்கள் என்ன கேட்டு வந்தார்கள் என்றும் குறித்துக்கொண்டார்கள்.

முடிவு 2004-இல் வெளிவந்தது. பீர்பூமில் பெண்கள் அதிகம் கேட்டவை குடிநீரும் சாலையும். பெண்ணுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துகளில் அவை இரண்டும் கூடியிருந்தன. குடிநீர் வசதிகள் மட்டும் மற்றப் பஞ்சாயத்துகளைவிடச் சுமார் 9 கூடுதல். உதய்பூரில் பெண்கள் கேட்டது தண்ணீர். வெளியூர் வேலைக்குப் போய்வரும் ஆண்களுக்குத்தான் அங்கே சாலை முக்கியம். அங்கே பெண் தலைவரின் கீழ் தண்ணீர் கூடியது, சாலை குறைந்தது. 'பெண் தலைவர் என்றால் நல்ல தலைவர்' என்ற சுலபமான கதை இது இல்லை. இடத்துக்கு இடம் பெண்களின் தேவை எப்படி மாறியதோ அப்படியே செலவும் மாறியிருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'கையெழுத்து மனைவி போடுவாள், ஆட்சி புருஷன் நடத்துவான்' என்பது ஊர்தோறும் கேட்கும் கேலி. அது பல இடங்களில் உண்மையும்கூட. ஆனால் எல்லா ஊரிலும் கணவனே ஆண்டிருந்தால் செலவுக் கணக்கு ஆண்கள் ஆளும் ஊர்களைப் போலவேதானே இருந்திருக்கும்? கணக்கு மாறியிருக்கிறது. ஆக, பின்னாலிருந்து இழுத்த கயிறு நாம் நினைத்த அளவுக்கு உறுதியானதாக இல்லை.

ஊர் நன்றி சொன்னதா? அதுதான் இல்லை. துப்லோவும் பொருளாதார அறிஞர் பெட்டியா தோபலோவாவும் பல மாநிலங்களின் தரவைப் பார்த்தபோது, பெண் தலைவர்களின் ஊர்களில் குடிநீர் வசதி அதிகம், தரமும் குறைவில்லை, லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்களும் குறைவு. ஆனாலும் மக்களின் திருப்தி மட்டும் குறைவாக இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுக் குறை சொல்லியிருக்கிறார்கள்!

அந்தக் குறை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க இன்னொரு சோதனை நடந்தது. ஊர்த் தலைவர் கூட்டத்தில் பேசுவதுபோல ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்தார்கள். கேட்பவருக்கு ஏதாவது ஒன்றைப் போட்டுக் காட்டி, இந்தத் தலைவர் எப்படி என்று கேட்டார்கள். பெண் தலைவரைப் பார்த்தே இராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்கு மதிப்பெண் குறைத்தார்கள். சொல்லுக்குச் சொல் அதே பேச்சுதான். பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊர்களிலோ அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. பெண் தலைமை பிடிக்குமா என்று கேட்டால் பிடிக்காது என்றே அந்த ஆண்கள் தொடர்ந்து சொன்னார்கள். பிடிக்கவில்லை, ஆனால் திறமை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு முறை தொடர்ந்து ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஒதுக்கீடு போன பிறகும் பெண்கள் அதிகமாக நின்று அதிகமாக வென்றார்கள்.

இரண்டு முறை என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒதுக்கீட்டுச் சுழற்சி பத்தாண்டுக்கு ஒரு முறை, அதாவது இரண்டு தேர்தல்கள். 2016-இல் பெண்களின் பங்கும் பாதியாக உயர்ந்தது. ஆனால் ஒதுக்கீட்டுப் பட்டியல் மட்டும் போதும் என்று சொல்ல நம்மால் முடியாது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகளில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தலைவர் நாற்காலியில் பத்தாண்டுக் காலம் எவரையும் நிலையாக உட்கார விடவில்லை. 2006-இல்தான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்தது. அதே மாவட்டத்தின் மேலவளவில் 1997-இல், அப்படி ஒதுக்கிய பதவிக்கு வந்த பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையே வெட்டிக் கொன்றார்கள். பீர்பூம் கணக்கெல்லாம் நாற்காலியில் உட்கார முடிந்தவர்களைப் பற்றியது.

பீர்பூம் ஆய்வுகளின் வரிசையில் இன்னொன்று 2012-இல் வந்தது. 495 கிராமங்களில் 11 முதல் 15 வயது வரையிலான 8,453 பிள்ளைகளிடமும் அவர்களின் பெற்றோரிடமும் கேட்டார்கள்: எதிர்காலத்தில் என்ன ஆகவேண்டும், எவ்வளவு படிக்கவேண்டும்? மகனுக்கு ஒரு கனவு, மகளுக்கு அதைவிடச் சின்னக் கனவு என்ற இடைவெளி, பெண் தலைவர்களைக் கண்ட ஊர்களின் பெற்றோரிடம் 20 சதவீதமும் பிள்ளைகளிடம் 32 சதவீதமும் குறைந்திருந்தது. படிப்பில் ஆண்-பெண் இடைவெளியே காணாமல் போயிருந்தது. சிறுமிகள் வீட்டு வேலையில் கழிக்கும் நேரமும் குறைந்திருந்தது.

அந்த ஊர்களில் பெண்களுக்குப் புதிய வேலை எதுவும் வந்திருக்கிறதா என்றும் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்தார்கள். அதற்கான தடயம் கிடைக்கவில்லை. வரிசை எண்களை மூன்று மூன்றாகப் பிரித்தபோது ஊர் பெண்ணின் பக்கம் விழுந்ததால், அந்தச் சிறுமிகள் வளரும் காலத்தில் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.