மன்னார் வளைகுடாவும் உலக அமைப்புகளும்

உலக அமைப்புகளில் ஒரு நாடு நீடிப்பதால் என்ன பயன் என்பதற்கு ராமநாதபுரம் கடலோரம் ஓர் எடுத்துக்காட்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. 2001-இல் யுனெஸ்கோ அதைத் தன் உலக வலையமைப்பில் சேர்த்தது. ராம்சர் ஈரநில உடன்படிக்கையில் இந்தியா 1982-இல் சேர்ந்தது. 2022-இல் வளைகுடாவும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்களும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

இவ்வமைப்புகளுக்குக் காவல் படை கிடையாது. கடல் அட்டை பிடிப்பதை 2001 முதல் தடுப்பது இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அக்கரையில், இலங்கையில், உரிமம் பெற்றால் பிடிக்கலாம். கடல் ஒன்று, விதி இரண்டு. இந்த இடைவெளியைப் பேசித் தீர்க்க, இரு நாடுகளும் அங்கம் வகிக்கும் பொது மேடை தேவை.

விலகி நிற்பதும் எளிதன்று. யுனெஸ்கோவிலிருந்து 1984-இல் வெளியேறிய அமெரிக்கா 2003-இல் திரும்பியது. 2018-இல் மீண்டும் விலகி, 2023-இல் மறுபடி சேர்ந்தது. வெளியே நின்ற நாட்களில் அதற்கு அங்கே வாக்குரிமை இல்லை.

உறுப்பினராக இருப்பது மட்டும் கடலைக் காக்காது. ஆனால் விலகி நிற்கும் நாடு, விதி எழுதப்படும்போது பேச முடியாது.