அசெம்பிளி நிரலில் இயக்கப் பிழைகள்: 8085 முதல் 'சக்தி' வரை

மதுரைச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் அசெம்பிளி மொழி பயின்ற பலருக்கும் முதல் அறிமுகம் 8085 பயிற்சிப் பலகையே. 1976இல் இன்டெல் வெளியிட்ட இச்செயலியில், நிரலின் பிழையைக் கண்டறிந்து அறிவிக்கும் அமைப்பு எதுவும் இல்லை. துணைநிரலுக்குள் 'புஷ்' கட்டளையால் அடுக்கில் இட்ட மதிப்பைப் 'பாப்' கட்டளையால் எடுக்க மறந்தால், 'ரெட்' கட்டளை அம்மதிப்பையே திரும்புமுகவரியாகக் கொண்டு தாவும். அங்கிருப்பது தரவா கட்டளையா எனச் செயலி வினவுவதில்லை. அவ்விடம் எழுதப்படாத ஈப்ராம் பகுதியாயின் எட்டுப் பிட்டுகளும் 1 ஆக இருக்கும். அதுவும் 'ஆர்எஸ்டி 7' என்னும் செல்லத்தக்க கட்டளையே. இயக்கம் பதினாறடிமான 0038 என்னும் முகவரிக்குச் செல்லும். மாணவர் காண்பது உறைந்த காட்சித்திரை. பிழை நிகழ்ந்த இடமோ வேறு.

8086 வகுத்தற்பிழையை மட்டும் தானாக அறிவிக்கிறது. சுழியால் வகுத்தால்தான் இஃது எழும் எனப் பலர் கருதுவர். 32 பிட் வகுபடும் எண்ணின் மேற்பாதி 'டிஎக்ஸ்' பதிவகத்தில் உள்ளது. அதனைச் சுழியாக்க மறந்து, அதில் எஞ்சிய மதிப்பு வகுக்கும் எண்ணுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருப்பின், குறியிலா வகுத்தலில் ஈவு 16 பிட்டில் அடங்காது. அதே பிழை எழும். அப்போது 8086 சேமிப்பது அடுத்த கட்டளையின் முகவரி. 80286 முதற்கொண்டு சேமிக்கப்படுவது பிழைக்குக் காரணமான கட்டளையின் முகவரி. ஆதலின் 8086இல் இயல்பாகத் திரும்பிய கையாளுநிரல், பிந்தைய செயலிகளில் முடிவிலாச் சுழற்சியில் சிக்கக்கூடும்.

சென்னை ஐஐடியின் 'சக்தி' செயலிகள் 2018இல் சில்லுகளாக வெளிவந்தன. அவை பின்பற்றும் ரிஸ்க்-வி கட்டமைப்பின் இயந்திர நிலையில், செல்லாத கட்டளை எதிர்ப்பட்டால் 'எம்காஸ்' பதிவகத்தில் 2 என்னும் எண்ணும், 'எம்இபிசி' பதிவகத்தில் அக்கட்டளையின் முகவரியும் பதிவாகும். இத்துணை விரிவாக முறையிடும் கட்டமைப்பு, சுழியால் வகுத்தலைப் பற்றி வாய்திறப்பதில்லை. ஈவின் எல்லாப் பிட்டுகளையும் 1 ஆக்கிவிட்டு மேலே செல்லும். 8086 பழக்கத்தில் குறுக்கீட்டை நம்பி எழுதிய நிரல், இங்கே பிழையான விடையோடு ஓடி முடியும். வகுக்கும் எண்ணை முன்னரே சோதிப்பது நிரலாளர் பொறுப்பு. ('எக்ஸெப்ஷன்' என்பதை 'விதிவிலக்கு' என்பர். நிகழ்வதோ செயலியின் விதிப்படியே. மேற்கண்ட நேர்வுகளுக்கேனும் 'பிழையறிவிப்பு' எனலே பொருந்தும்.)

நம் ஆய்வகத் தேர்வுகளில் விடை இருக்கும் நினைவக இடத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் இட்டால், அடுக்குக் குலைந்த நிரலும் தேறிவிடும். விடையை நினைவகத்தில் இட்ட பின்னரன்றோ 'ரெட்' தடம் புரள்கிறது! துணைநிரலை அழைக்கும் முன்னும் திரும்பிய பின்னும் அடுக்குச்சுட்டியின் மதிப்பை மாணவர் குறித்துக் காட்ட வேண்டும் எனலாம். 8085 பலகையின் ஒற்றைப்படி இயக்கமே இதற்குப் போதும்.