வகுப்பறையில் சீறும் வேதியியல்... தெரியுமா?

சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், ஏன் அப்படி வெடிக்கிறது என்ற புதிர் 2015-இல்தான் அவிழ்ந்தது, தெரியுமா? வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றுவதே காரணம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தோம். அது மட்டும்தான் காரணம் என்றால், உலோகத்தைச் சுற்றி எழும் நீராவியும் ஹைட்ரஜனும் போர்வைபோல் நின்று தண்ணீரை விலக்கி, வினையையே அடக்கிவிட வேண்டுமே! செக் நாட்டு விஞ்ஞானி பாவெல் யுங்விர்த்தின் குழு, சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகத் துளியைத் தண்ணீரில் விழவிட்டு, அதிவேகக் கேமராவில் படம்பிடித்தது. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை, துளியிலிருந்து முள் முள்ளாய் உலோகம் சீறிக் கிளம்பியது! எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் ஓடிவிடுகின்றன. மிஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ள, உலோகம் தானே சிதறுகிறது. எத்தனை அழகான வன்முறை! அரிசியளவுத் துண்டுக்கும் முன்னால் தடுப்புத் திரை வைத்தே இதைக் காட்ட வேண்டும்.

மியூனிக்கில் 1853-இல், மாபெரும் வேதியியலாளர் லீபிக் பவேரிய அரச குடும்பத்துக்கு 'குரைக்கும் நாய்' வினையைச் செய்து காட்டினார். நீலச் சுடர் பாய்ந்து, குழாயே குரைத்தது. இன்னொரு முறை காட்டும்படி கேட்டார்கள். அந்த முறை கண்ணாடி வெடித்து, அரசி தெரேசாவும் லீபிக்கும் காயமடைந்தார்கள். மேதைக்கே இந்தக் கதி!

தெர்மைட் தெரியுமா? இரும்புத் துருவும் அலுமினியத் தூளும்தான். சூடு ஏறத்தாழ 2500 டிகிரி செல்சியஸ்! ரயில் தண்டவாளங்களை ஒட்டவைக்கும் உருகிய இரும்பு இப்படித்தான் பிறக்கிறது.

இவற்றையெல்லாம்விட என் நெஞ்சை உலுக்குவது 'வானவில் சுடர்'தான். கிண்ணங்களில் உப்புகளைப் போட்டு, மெத்தனால் ஊற்றிப் பற்றவைப்பார்கள். ஸ்ட்ரான்சியம் சிவப்பாகவும், சோடியம் மஞ்சளாகவும், தாமிரம் பச்சையாகவும் எரியும். சுடர் தணிந்ததும் ஆசிரியர் பாட்டிலை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். விபரீதம் அங்கேதான்! மெத்தனால் 11 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஊர் மார்கழிக் குளிர்கூட அதற்குத் தடையில்லை. அதன் சுடரோ வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. தீ பாட்டிலுக்குள் ஏறி, பீரங்கிபோல் முன்வரிசையை நோக்கிப் பீய்ச்சியடிக்கும். 2014 ஜனவரியில் நியூயார்க் பள்ளி ஒன்றில் மாணவர்கள் இதில் எரிகாயம் அடைந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், பன்னிரண்டே நாள் இடைவெளியில், ரீனோ நகர அருங்காட்சியகத்திலும் டென்வர் பள்ளியிலும் மெத்தனால் தீ பிள்ளைகளைச் சுட்டது. மெத்தனால் ஊற்றி இதைச் செய்யாதீர்கள் என்று அமெரிக்க வேதியியல் சங்கம் அறிவித்தது.

அப்படியானால் அந்த வண்ணங்களை இழந்துவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! உப்புக் கரைசலில் மரக்குச்சிகளை இரவு முழுக்க ஊறவைத்து, புன்சன் அடுப்பின் சுடரில் காட்டினால் அதே சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பளீரிடும். மெத்தனால் ஒரு சொட்டும் தேவையில்லை.

ஆசிரியர்களே, நாளைய வகுப்புக்கு இன்றிரவே குச்சிகளை ஊறப்போடுங்கள். மெத்தனால் பாட்டில் அலமாரியில் பூட்டியே இருக்கட்டும்.