பழைய எழுதுமேசையைத் தேர்ந்தெடுத்தல்

கல்வியைத் துணையாகக் கொண்டு வாழ்வோர் தம் இல்லத்திற் சேர்க்கும் தட்டுமுட்டுப் பொருள்களுள் எழுதுமேசையே முதன்மையானதென்பது நம் கருத்து. கட்டில் உறக்கத்திற்கும், பேழை சேமிப்பிற்கும் உதவுவன. மேசையோ சிந்தனைக்கு இடந்தருவது. நம் கல்லூரியிற் பயின்று வெளியேறி, முதன்முதலாக ஊதியம் பெற்றுக் குடும்பம் அமைக்கும் இளைஞருட் சிலர், புதிய மேசையினும் பழைய மேசையையே விரும்பக் காண்கின்றோம். விருப்பம் நன்றே. ஆயினும், அண்மையிற் செய்த மேசைக்குச் சாயமேற்றி, நூறாண்டுப் பொருளென்று விற்பாரும் உளர். அவர் கையில் அகப்படுவோர் இழப்பது பணம் மட்டுமன்று. நாள்தோறும் அமர்ந்து எழுதவேண்டிய இடமே அவர்க்குப் பொய்யாய்விடுகின்றது. ஆதலின், இத்தகைய மேசைகளைச் சோதித்தறியும் வழியை ஈண்டுச் சிறிது விளக்க முற்படுகின்றோம்.

நம் நாட்டில் எழுதுமேசையின் வரலாறு மிக நீண்டதன்று. பனையோலையில் எழுதிய நம் முன்னோர் இடக்கையில் ஓலையையும் வலக்கையில் எழுத்தாணியையும் பிடித்து எழுதினராதலின், அவர்க்கு மேசை வேண்டுவதாயிருக்கவில்லை. ‘மேசை’ என்னும் சொல்லே போர்த்துக்கீசிய மொழியினின்று நமக்கு வந்தது. காகிதமும் மையும் பரவிய பின்னர், தரையில் அமர்ந்து கணக்கெழுதுவோர்க்குச் சாய்ந்த மூடியுடைய சிறு பெட்டியும், நாற்காலியில் அமர்வோர்க்கு உயர்ந்த மேசையும் வழக்கத்திற்கு வந்தன. 1852-இல் கீழ்ப் பர்மாவும் 1886-இல் மேற் பர்மாவும் ஆங்கிலேயர் ஆட்சியிற் சேர்க்கப்பட்ட பின், பர்மாத் தேக்கு கடல்வழியாக மிகுதியும் வந்திறங்கிற்று. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் இதற்குச் சான்று பகரும். அக்காலத்தில் அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் பங்களாக்களுக்கும் செய்யப்பட்ட மேசைகள் பல, இன்று காரைக்குடி முனீசுவரன் கோயில் தெரு முதலிய இடங்களிலுள்ள பழம்பொருட் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன.

மேசைகளின் வகைகளை முதலில் அறிதல் வேண்டும். இருபுறமும் இழுப்பறை அடுக்குகள் தாங்க, நடுவே முழங்காலுக்கு இடைவெளி விட்டமைந்தது ஒருவகை. இவற்றுட் பல மேற்பலகை, இரண்டு அடுக்குகள் என மூன்று பாகங்களாகப் பிரியுமாதலால், ஒடுங்கிய படிக்கட்டு வழியாகவும் எளிதில் ஏற்றலாம். சாய்ந்த மூடியைக் கீழே இறக்கினால் அதுவே எழுதும் பலகையாக விரிவது இரண்டாம் வகை. இதிற் கீல்களும், மூடியைத் தாங்கும் கட்டைகளும் உறுதியாயுள்ளனவா என்று பார்த்தல் அவசியம். சுருண்டு மேலேறும் மூடியுடையது மூன்றாம் வகை. அமெரிக்காவில் ஆப்னர் கட்லர் என்பவர் 1882-இல் இத்தகைய மேசைக்கு உரிமைச் சாசனம் பெற்றார். இதன் மெல்லிய மரச்சட்டங்கள் பின்புறம் துணியில் ஒட்டப்பட்டிருக்கும். துணி நைந்தால் மூடி இடையிற் சிக்கிக்கொள்ளும். ஆகவே, வாங்குமுன் பலமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தல் வேண்டும்.

வகை எதுவாயினும், முதற் சோதனை அதன்முன் அமர்ந்து எழுதிப் பார்ப்பதே. நாற்காலியில் நிமிர்ந்திருந்து, தோளை உயர்த்தாமல் முழங்கையை மடக்குமிடத்து, முன்கை பலகையின்மேல் இயல்பாய்ப் படிதல் வேண்டும். பெரும்பாலார்க்கு 28 முதல் 30 அங்குல உயரம் பொருந்தும்; முழங்காலிடைவெளி 24 அங்குலத்திற்குக் குறையாதிருத்தல் நலம். கணினியை வைத்துப் பணிசெய்வோர்க்கு உயரம் சற்றுக் குறைந்திருப்பதே ஏற்றது. சாய்மூடி மேசையின் குறுகிய பலகை அவர்க்குப் போதாமற் போகலாம். சிற்பவேலை எத்துணைச் சிறந்ததாயினும், தோளும் கழுத்தும் நோகச் செய்யும் மேசை எழுதுவோர்க்கு உதவாது. வீட்டு வாயிலையும் படிக்கட்டின் திருப்பத்தையும் முன்னரே அளந்து கொண்டு கடைக்குச் செல்வது அறிவுடைமை.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். மேசைக்கு அம்மொழி பொருந்தாது. முகத்தை மெருகிட்டு மாற்றுதல் எளிது. அகத்தை மாற்றுதல் அரிது. ஆதலால் இழுப்பறைகளை முழுதும் வெளியே எடுத்து, மேசையின் அடிப்புறத்தையும் முதுகுப்புறத்தையும் விளக்கொளியில் நோக்குக. மெருகு படாத அவ்விடங்களிலேதான் மரம் தன் உண்மை நிறத்தைக் காட்டும். தேக்காயின் எண்ணெய்ப்பசையும் அதற்கே உரிய மணமும் இருக்கும். தோதகத்தியாயின் கனமும், கருஞ்செந்நிறத்திடையே ஓடும் கரிய ரேகைகளும் காணப்படும். வெளியே தேக்கின் நிறமும் உள்ளே வேறு மரமும் இருப்பின், அது குற்றமென்று உடனே கூறலாகாது. இழுப்பறையின் உட்புறத்திற்கு எளிய மரத்தைப் பயன்படுத்துதல் தச்சர் வழக்கமே. ஆனால், முழுதும் தேக்கென்று கூறி விலை கேட்பாராயின், அவர் கூற்றுப் பொய்யென்பது அங்கே வெளிப்பட்டுவிடும்.

இழுப்பறையின் மூலைகளிற் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருப்பதைக் காணலாம். அப்பற்கள் அளவில் ஒவ்வாதிருந்தால் கைவேலை என்றும், முற்றும் ஒத்திருந்தால் பொறிவேலை என்றும், கைவேலையாயின் மிகப் பழையது என்றும் மேனாட்டு நூல்கள் கூறும். இவ்விதியை நம் நாட்டு மேசைகளுக்கு அப்படியே கொள்ளுதல் தவறு. நம் தச்சர் உளியும் வாளும் கொண்டு இன்றும் இவ்வேலையைச் செய்கின்றனராதலின், கைவேலை என்பது திறமைக்குச் சான்றாகுமேயன்றி வயதுக்குச் சான்றாகாது. வயதை அறிதற்கு வேறு தடயங்களைத் தேடவேண்டும்.

அவற்றுட் சிறந்தது தேய்மானம். பல்லாண்டு இழுத்துத் தள்ளிய இழுப்பறையின் அடிவிளிம்பு தேய்ந்திருக்கும்; அது உராயும் சட்டத்திலும் அதற்கொத்த பள்ளம் விழுந்திருக்கும். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பொருந்துமாறு போலியாகச் செய்தல் எளிதன்று. இரண்டாவது, மரத்தின் சுருக்கம். மரம் நாரின் நீளத்தில் மிகச் சிறிதே சுருங்கும். குறுக்கிலோ மிகுதியாகச் சுருங்கும். ஆதலின் பழைய மேற்பலகைகளின் இணைப்பில் நூலிழைபோன்ற இடைவெளி காணப்படுவதுண்டு. மூன்றாவது, திருகாணி. தலையிற் சிலுவைபோல் வெட்டுடைய திருகாணி 1930-களிலேயே வழக்கிற்கு வந்தது. நூற்றைம்பது ஆண்டு மேசையென்று காட்டப்படுவதில் அத்திருகாணி இருக்குமாயின், ஒன்று அது பின்னர்ப் பழுதுபார்க்கப்பட்டது; அன்றேல் சொல்லிய வயது பொய். இரண்டில் எதுவென்று விற்பவரை வினவுதல் நம் உரிமை.

பழுதுபார்த்தல் இழுக்கன்று. கால் ஒன்று மாற்றப்பட்டதை ஒளியாது கூறும் வணிகரை நம்பலாம். ஒரு மேசையின் மேற்பலகையையும் வேறொன்றின் கால்களையும் கூட்டி முழுப்பொருளென்று விற்பதே வஞ்சனை. நிறமும் ரேகையும் கனமும் ஒவ்வாமையால் அதனைக் கண்டுகொள்ளலாம். இன்ன ஜமீன்தார் வைத்திருந்தது, இன்ன துரை எழுதியது என்னும் கதைகளுக்கு ஆதாரமின்றி ஒரு காசும் மிகையாகக் கொடுத்தல் வேண்டா. ‘ரெசல்யூட்’ என்னும் ஆங்கிலக் கப்பலின் மரத்தாற் செய்து, 1880-இல் விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்க்கு அனுப்பிய மேசை உலகறிந்தது. அதன் வரலாறு அதிற் பதித்த தகட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. வரலாற்றுக்கு விலை கேட்போர் இத்தகைய சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

பூச்சியரிப்பை ஆராயாது எதையும் வீட்டினுள் கொணரலாகாது. வைரம் பாய்ந்த தேக்கை எளிதில் அரிக்காத வண்டு, அதன் வெளிறான பகுதியைத் துளைத்துவிடும். துளை மட்டும் இருப்பின் அது பழைய தீங்காயிருக்கலாம். தட்டும்பொழுது புதிய உளுத்தூள் உதிருமாயின் வண்டு இன்னும் உள்ளே இருத்தல் கூடும். அதனைப் போக்கிய பின்னரே மற்றப் பொருள்களோடு வைத்தல் தகும்.

அயல்நாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்க்கு ஒன்று கூறவேண்டும். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம், நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதலைத் தடுக்கின்றது. தோதகத்தி இனமரங்கள் யாவும் 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டுள்ளன. வயதையும் மரத்தையும் தெளியாது வாங்கிக் கப்பலேற்ற முயல்வோர் பொருளையும் இழந்து வழக்கிலும் சிக்கலாம்.

வாங்கிய பின் செய்யத்தக்கது சிறிதே. உப்புத்தாளால் தேய்த்துப் புதிதாக்க முயலாதீர். பல்லாண்டுக் கைபட்டுப் பெற்ற நிறம் ஒருநாளில் அழிந்துவிடும். பழைய மெருகு பெரும்பாலும் சாராயத்திற் கரைத்த அரக்காதலின், வெந்நீர்ப் பாத்திரத்தை அதன்மேல் வைத்தால் வெண்டழும்பு விழும். மின்கம்பிக்காகப் பலகையைத் துளைத்தலும் வேண்டா. பின்புறமாகக் கம்பியைக் கொண்டு செல்லலாம்.

இறுதியாக ஒன்று. கடைத்தெருவுக்குச் செல்லுமுன் தம் இல்லத்தின் பின்கட்டையும் பரணையும் ஒருமுறை நோக்குமாறு மாணாக்கரை வேண்டுகின்றோம். பாட்டனார் கணக்கெழுதிய மேசையைப் பழைய மரக்கடையிற் பலகை விலைக்குக் கொடுத்துவிட்டு, பிறர் வீட்டு மேசையைப் பன்மடங்கு விலைக்கு வாங்கும் குடும்பங்களும் உள. காலொன்று ஆடினும், பூட்டு உடைந்திருப்பினும், நல்ல தச்சர் ஒருவரால் அது மீண்டும் பயன்படும். அதன் வரலாற்றுக்கு எவரிடமும் சான்று கேட்க வேண்டுவதில்லை. அவ்வாறு ஒன்று கிடையாதோர், மேற்கூறிய முறையிற் சோதித்து, தம் வருவாய்க்கும் உடலுக்கும் இசைந்ததொன்றை வாங்குவாராக. வாங்கியதைக் கூடத்திற் காட்சிப்பொருளாக நிறுத்தாமல், நாள்தோறும் அதன்முன் அமர்ந்து கற்கவும் எழுதவும் பழகுவாராக.